மார்கரெட், மாக்கிரேத்து, மவ்கொஜாத்தா: ஆச்சி பேர்ல எது சரி?

கூழாங்கல்:

எல்லாருக்கும் வணக்கம். பத்து நாள் முன்னால மகள் பிறந்தா. அப்பாவைப் பெத்த ஆச்சி பேரை வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீட்ல யாரும் மறுக்கல. பிரச்சினை வேற. ஆச்சி பேரு என்னங்கிறதே தெரியல.

சிரிக்காதீங்க. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்ல லத்தீன் எழுத்துல 'மர்கரீத்தா'ன்னு இருக்கு. கல்யாணப் பத்திரிகையில 'மர்கரீத்தம்மாள்'. வாக்காளர் அட்டையில 'மாக்ரெட்'. ரேஷன் கார்டுல எந்தப் புண்ணியவானோ 'மார்க்கெட்'னே அடிச்சு வச்சிட்டாரு. திருத்த மூணு தடவ நடந்துட்டு, "சீனி கெடைக்குல்லா, போதும்"னு ஆச்சி விட்டுட்டா. கல்லறையில 'மார்கிரேட்'. ஊர்ல எல்லாரும் கூப்பிட்டது 'மாக்கிரேத்து'. தாத்தா மட்டும் 'மாக்கி'.

ஆச்சிக்குக் கைநாட்டுத்தான். அதனால அவ கையெழுத்தை வச்சும் முடிவு பண்ண முடியாது. இதுல அசல் எது? மத்த நாடுகள்ல இந்தப் பேரை எப்படிச் சொல்றாங்க? பொருள் என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இலக்கணப்பித்தன்:

இதில் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் மார்கரெட். அதுதான் சரி. மற்றவையெல்லாம் படிக்காதவர்கள் சிதைத்தவை. குழந்தைக்கு ஒழுங்கான உச்சரிப்போடு வையுங்கள்.

ஒலியன்:

பித்தன் ஐயா, ஆங்கிலமே இந்தப் பெயரை இரவல் வாங்கியதுதான். வரிசை இப்படி: கிரேக்கத்தில் 'மார்கரிதேஸ்' என்றால் முத்து. லத்தீனில் 'மர்கரீத்தா', அங்கேயும் முத்துதான். அங்கிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம். ஆக, ஆங்கிலத்துக்கு நாலாவது இடம். கூழாங்கல் ஆச்சியின் பதிவேட்டில் இருப்பது இரண்டாவது படி. யார் யாரைச் சிதைத்தது?

கூழாங்கல், உங்கள் பட்டியலையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில வடிவங்களில் 'த்', சிலவற்றில் 'ட்'. இது தற்செயல் இல்லை. லத்தீன், போர்த்துகீசியம், பிரெஞ்சு பேசியவர்கள் 'த'கரத்தை நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்வார்கள். தமிழ்க் காதுக்கு அது 'த்'. ஆங்கிலேயர் நாக்கை மேலே தூக்குவார்கள், நமக்கு அது 'ட்' என்று கேட்கும். அதனால்தான் பாதிரியார் வழியே வந்தவர் அந்தோணி, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வழியே வந்தவர் ஆண்டனி. ரீத்தாவும் ரீட்டாவும் அப்படியே. உங்கள் ஆச்சியை ஊர் 'மாக்கிரேத்து' என்றது சாமியார் காலத்துப் பழக்கம். 'மாக்ரெட்' என்று எழுதியது சர்க்கார் காலத்துப் பழக்கம். ஒரே பாட்டி, இரண்டு சாலை.

யாழ்ப்பாணத்தில் மூன்றாவது சாலை ஒன்று உண்டு. ஆங்கில 't'யை அவர்கள் 'ற்' போட்டு எழுதுவார்கள். மாகிறற்.

ஹேர்னிங்_அக்கா:

ஓம், அது உண்மை. என்ர பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி கொப்பியில மாகிறற் எண்டுதான் எழுதுவாள். இந்தியாவில இருந்து வந்த ஒரு ரீச்சர் அதைப் பாத்திட்டு 'மாகிரர்' எண்டு வாசிச்சவ!

நான் டென்மார்க்கில இருக்கிறன். இஞ்ச இந்தப் பேருக்கு இருக்கிற மரியாதையைச் சொல்லத்தான் வேணும். ராணி மார்கிரெதெ, இரண்டாம் மார்கிரெதெ, 1972 ஜனவரி 14 இல இருந்து சரியா 52 வருசம் அரியணையில இருந்தவ. 2024 இல அதே ஜனவரி 14 இல மகனிட்டக் குடுத்திட்டு இறங்கினவ. முதலாவது மார்கிரெதெ 14ஆம் நூற்றாண்டு. டென்மார்க், நோர்வே, சுவீடன் மூண்டையும் ஒண்டாக்கி வச்சிருந்த மனிசி.

எழுத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ. டேனிஷ்காரர் முதல் 'ர்'ஐ விழுங்கிப்போடுவினம். அவையள் வாயால கேட்டால் 'மாக்ரேத' எண்டுதான் இருக்கும். கூழாங்கல் தம்பி, உங்கட ஆச்சியை ஊர்ச்சனம் கூப்பிட்ட மாதிரியேதான் ஒரு நாட்டு ராணியையும் கூப்பிட்டவை.

கூழாங்கல்:

அக்கா, இதை எங்கப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "எங்கம்மா ராணிதாம்ல"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மணப்பாடு_கடல்:

முத்தா?! வே, இது எனக்கு இத்தனை வருசமா தெரியாம போச்சே. எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு மாக்கிரேத்து உண்டு. எங்க தாத்தாமார் அத்தனை பேரும் குளியாளுக. தூத்துக்குடி முத்துச் சலாபம் 1961ல நின்னு போச்சு. அதுக்கப்புறம் சங்கு குளிதான். கடல்ல மூச்சடக்கி முத்து எடுத்தவன் வீட்டுக்கு வந்து பொண்டாட்டிய 'முத்தே'ன்னு கிரேக்கத்துல கூப்பிட்டிருக்கான். அவனுக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல.

செந்தமிழ்வேல்:

அப்படியானால் இது தமிழ்ச்சொல்லே! முத்து பாண்டியர் சொத்து. கொற்கையின் முத்தைச் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. கிரேக்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: மெகஸ்தனிஸ் சொன்னதாக அர்ரியன் எழுதிய இந்தியக் குறிப்பைப் பாருங்கள். ஹெரக்ளிஸ் தன் மகள் பண்டையாவை அலங்கரிக்கக் கடலெல்லாம் தேடி முத்துச் சேர்த்தான் என்றும், அந்த முத்தை இந்தியர் மொழியில் 'மார்கரிதா' என்பார்கள் என்றும் அதில் உள்ளது. பண்டையா என்பது பாண்டிய நாடு. போதுமா?

ஒலியன்:

நீங்கள் சொன்ன குறிப்பு உண்மைதான். எனக்கும் மிகப் பிடித்த இடம் அது. ஒரு பெண்ணுக்காகத் தேடிய முத்து, பின்னால் லட்சக்கணக்கான பெண்களுக்குப் பெயரானது. ஆனால் அதிலிருந்து 'தமிழ்ச்சொல்' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. தமிழில் அந்தப் பொருளுக்கு 'முத்து' இருக்கிறது. 'மார்கரி' போன்ற எதுவும் இல்லை. சங்கப் பாடல்களிலும் முத்து, முத்தம், நித்திலம் என்றுதான் தேட வேண்டும். கிரேக்கர் கேட்ட 'இந்தியர் மொழி' நடுவில் நின்ற வணிகனின் மொழியாகவும் இருக்கலாம். பாரசீகத்தில் முத்துக்கு இன்றும் 'மொர்வாரீத்'. அதன் பழைய வடிவம் 'மர்வாரீத்'. கிரேக்கச் சொல் அந்த ஈரானியப் பக்கமிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலான மொழியியலாளர் கருத்து. வடமொழி 'மஞ்சரி'க்கு நிகண்டுகளில் முத்து என்றும் ஒரு பொருள் உண்டு. அதோடு முடிச்சுப் போடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பாரசீக வழிதான் வலுவாகப் படுகிறது.

உங்களுக்கு ஆறுதல் வேண்டுமென்றால் ஒன்று: வடமொழி 'முக்தா'வே நம் 'முத்து'விலிருந்து போனது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அங்கே வேண்டுமானால் கொடியேற்றிக் கொள்ளுங்கள்.

செந்தமிழ்வேல்:

கொடி ஏற்றியாயிற்று. மார்கரிதாவையும் விட்டுவிடவில்லை.

கிராக்கவ்_கோடர்:

நான் போலந்தில் வேலை பார்க்கிறேன். இந்தப் பெயரால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சேர்ந்த முதல் வாரம், "கோஷாகிட்ட அனுமதி வாங்கிக்கோ" என்றார்கள். ஆபீஸ் பட்டியலில் கோஷா என்று ஒருவரும் இல்லை. அரை நாள் தேடினேன். கடைசியில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த 'மவ்கொஜாத்தா'தான் கோஷா என்று தெரிந்தது. மார்கரீத்தாவின் போலிஷ் வடிவம் மவ்கொஜாத்தா. அதைச் செல்லமாக்கினால் மவ்கோஷா. அதன் வாலை மட்டும் பிடித்தால் கோஷா. நடுவில் வரும் 'ஜா' உண்மையில் நம் ஜாவும் இல்லை ழாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொண்டையைச் சொறிவது மாதிரி ஒரு சத்தம்.

ஆனால் மார்கரீத்தாவில் இருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஒலியன், கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஒலியன்:

எல்லாம் அந்த இரண்டு 'ர'வால் வந்த வினை. மர்-க-ரீ-த்தா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'ர'. நாக்குக்கு இது பிடிக்காது. ஒவ்வொரு மொழியும் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருப்பதுதான் இந்தப் பெயரின் முழுக் கதையும்.

போலிஷ்காரர் முதல் 'ர'வை 'ல' ஆக்கினார். மல்கொ... பிறகு அவர்கள் மொழியில் அந்த 'ல' வகரமாகக் குழைந்தது, இரண்டாவது 'ர' மென்மையாகி ஜகரம் போல ஆனது. அதுதான் உங்கள் கோஷா. எபிரேயமும் ஜார்ஜியனும் நேர்மாறு: முதல் 'ர'வை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை 'ல' ஆக்கின. எபிரேயத்தில் முத்து 'மர்கலீத்', ஜார்ஜியனில் 'மர்கலித்தி'. இஸ்ரேலில் மர்கலீத் என்று பெண்கள் உண்டு. சிரியாக்கில் இரண்டாவது 'ர'வுக்குப் பதில் 'ன': மர்கனீத்தா. அரபியின் 'மர்ஜான்' அந்த வழியில் வந்ததுதான். அங்கே பொருள் பவளம், சிறுமுத்து என்று நகர்ந்தது. நம் ஊர் மர்ஜானாக்களுக்கும் கூழாங்கல் ஆச்சிக்கும் தூரத்து உறவு இருக்கிறது.

ஹங்கேரிக்காரருக்கு வம்பே வேண்டாம், ஒரு 'ர'வை அப்படியே விழுங்கி 'மார்கித்'. செக்கில் 'மார்க்கேத்தா', பின்லாந்தில் 'மார்க்கெத்தா'. ஐரிஷ் 'ர'வை வைத்துக்கொண்டு 'க'வைக் கரைத்தது: 'மரேத்'. பழைய எழுத்தில் அந்த 'க'வின் எலும்புக்கூடு மட்டும் இருக்கும். ஆர்மீனியாவில் ஒன்றும் மாறவில்லை, 'மர்கரித்' என்றால் முத்தும் அதுதான், பெண்ணும் அதுதான்.

தூத்துக்குடி என்ன செய்தது? முதல் 'ர்'ஐ எடுத்துவிட்டு முன்னால் உள்ள உயிரை நீட்டியது. மர்க > மாக்கி. டேனிஷ் ராணிக்கும் இதே வைத்தியம். இதற்குப் பெயர் சிதைவு என்றால் ஐரோப்பா முழுக்கச் சிதைவுதான்.

இலக்கணப்பித்தன்:

வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றிதழில் எழுத ஒரு வடிவம் வேண்டுமே? "எல்லாம் சரி" என்றால் நாளை பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்கப்போவது ஒலியனா, அந்தக் குழந்தையா?

கூழாங்கல்:

ஐயா சொல்றதும் நியாயம்தான். அந்த 'மார்க்கெட்' கார்டை நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

ரீத்தா_திண்டுக்கல்:

ஒரு சந்தேகம். ஒலியன் மேலே ரீத்தா, ரீட்டா என்று சொன்னாரே. அதுவும் இதே பெயரா? என் பெயரே ரீத்தா. பாட்டி வேண்டுதல் வைத்து, நடக்கவே நடக்காது என்கிற காரியத்துக்கெல்லாம் அருள்கிற புனித ரீத்தாவின் பெயரை வைத்தார்கள்.

ஒலியன்:

அதேதான். இத்தாலியில் காஷா என்ற ஊரின் ரீத்தா, 15ஆம் நூற்றாண்டு, 1900இல் புனிதர் பட்டம். மார்கெரீத்தாவின் கடைசித் துண்டுதான் ரீத்தா. ரஷ்யாவிலும் மார்கரீத்தா என்று பெயர் வைத்து வீட்டில் ரீத்தா என்பார்கள்.

பெயரைச் சுருக்குவதில் இரண்டு கட்சி உண்டு. தலையைப் பிடிப்பவர்கள், வாலைப் பிடிப்பவர்கள். நாம் சுப்பிரமணியனைச் சுப்பு என்றும் சொல்வோம், மணி என்றும் சொல்வோம் அல்லவா? ஆங்கிலேயர் பெரும்பாலும் தலைக் கட்சி: மேக், மெக், மேகி, மேட்ஜ். வேல்ஸில் மார்கெத்திலிருந்து மேகன். ஜெர்மானியரும் சுவீடன்காரரும் வால் கட்சி: கிரேத்தா, கிரெத்தெல், கிரெத்ஷென். எஸ்தோனியாவில் வாலிலும் நுனி: ரேத்.

உங்கள் தாத்தா தலைக் கட்சி, கூழாங்கல்.

வத்தக்குழம்பு:

அப்ப 'பெகி' எந்தக் கட்சி? என் மேனேஜர் கையெழுத்து மார்கரெட், கூப்பிடறது பெகி. ஒரு எழுத்துகூட ஒட்டலையே.

ஒலியன்:

அது விளையாட்டுக் கட்சி. மெக் என்பதற்கு எதுகையாகப் பெக். மெகி, பெகி. மேரி > மோலி > போலி என்று ஆனதும் இதே ஆட்டம்தான். நாம் காப்பி கீப்பி என்று 'கி' போடுகிற இடத்தில் அவர்கள் 'ப' போட்டார்கள். நமக்குக் கீப்பி தனியாக நிற்காது. அவர்களுக்குப் பெகி தனிப் பெயராகவே எழுந்து நடந்துவிட்டது. அயர்லாந்திலும் 'பெக்' உண்டு. பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த கதைசொல்லி பெக் சேயர்ஸ் பெயரைக் கேட்டாலே அந்நாட்டுப் பழைய மாணவர்கள் பாடப்புத்தகத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வத்தக்குழம்பு:

நான் சும்மா இருக்க முடியாம கொஞ்சம் தோண்டினேன். நம்ம கேக்குக்குப் போடற மார்ஜரின் இருக்கே, அதுவும் ஆச்சிக்குச் சொந்தம். 1813ல செவ்ரூல்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்புல முத்து மாதிரி மின்னற ஒரு அமிலத்தைப் பார்த்துட்டு கிரேக்க முத்தை வச்சே பேர் கொடுத்தார். 1869ல இன்னொரு பிரெஞ்சுக்காரர் மலிவு வெண்ணெய்க்கு அதே பேரை இழுத்தார். பீட்சாவுல மார்கெரீத்தா இருக்கு. அது இத்தாலி ராணி மார்கெரீத்தா பேருன்னு சொல்லுவாங்க, 1889 நேப்பிள்ஸ் கதை. அந்தக் கதையை ஆராய்ச்சிக்காரங்க முழுசா நம்பறதில்ல. ஆக ராணி, பீட்சா, செயற்கை வெண்ணெய், ரேஷன் கார்டு. எல்லாம் ஒரே குடும்பம்.

வெள்ளைநகர்:

புதுச்சேரியிலிருந்து. எங்கள் வீட்டில் அத்தைப் பாட்டி 'மர்கெரித்'. பிரெஞ்சுச் சான்றிதழில் அப்படித்தான். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை இதழ்களோடு வருமே, அந்தப் பூ. ஸ்பானிஷ் மார்கரீத்தா, இத்தாலிய மார்கெரீத்தா, போர்த்துகீசிய மார்கரீதா எல்லாமே பூவும்தான். அதனால்தான் இங்கிலாந்தில் மார்கரெட் என்று பெயர் வைத்துவிட்டு, பிரெஞ்சுப் பூவை ஆங்கிலத்தில் பெயர்த்து 'டெய்சி' என்று கூப்பிட்டார்கள். மேகி, பெகியெல்லாம் ஒலியால் வந்தவை. டெய்சி மட்டும் பொருளால் வந்த செல்லப்பெயர்.

அத்தைப் பாட்டிக்குப் பூவும் தெரியாது முத்தும் தெரியாது. "அது சாமி பேரு" என்பார். அவ்வளவுதான்.

ஹேர்னிங்_அக்கா:

எங்கட ராணியையும் வீட்டில 'டெய்சி' எண்டுதான் கூப்பிட்டவை. அவவின்ர அம்மாவைப் பெத்த அம்மம்மா இங்கிலாந்துக்காரி, விக்டோரியா மகாராணியின்ர பேத்தி மார்கரெட். சுவீடனுக்கு மருமகளாப் போனவ. அவவும் டெய்சி. அம்மம்மா பேரும் செல்லப்பேரும் சேந்தே பேத்திக்கு வந்திட்டுது. தம்பி செய்யப் பாக்கிறதும் அதுதானே.

பினாங்கு_பாலா:

டெய்சின்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரிச்சா பழைய ஆங்கிலத்துல 'பகலின் கண்'. காலையில இதழ் விரியும், சாயங்காலம் மூடிக்கும், அதனால. இப்ப மலாய் தெரிஞ்சவங்க யோசிங்க. 'மாத்தா' கண்ணு, 'ஹாரி' நாள். மாத்தாஹாரின்னா பகலின் கண், அதாவது சூரியன். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதல் உலகப்போர்ல உளவாளின்னு பிரான்சுல சுட்டுக் கொன்னாங்களே, 1917ல, மாத்தா ஹாரி. அவ ஜாவாவுல புருஷனோட இருந்த டச்சுக்காரி. மேடைக்கு மலாய்ச் சொல்லை எடுத்துக்கிட்டா. பெத்தவங்க வச்ச பேரு என்ன தெரியுமா? மார்கரீத்தா. மார்கரீத்தா கெர்ட்ரூடா செல்லே. மார்கரெட்டுன்னா டெய்சி, டெய்சின்னா பகலின் கண், பகலின் கண்ணுன்னா மாத்தா ஹாரி. தெரிஞ்சே வச்சுக்கிட்டாளா, தானா அமைஞ்சதான்னு எவனுக்கும் தெரியாது. எனக்கு இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

மணப்பாடு_கடல்:

பாலா, எனக்கும் இன்னைக்குத் தூக்கம் போச்சு.

ஒட்டாவா_குளிர்:

டச்சுக்காரர் கதை இன்னொன்று. நெதர்லாந்தை ஜெர்மனி பிடித்திருந்தபோது இளவரசி யூலியானா இங்கே கனடாவில் அடைக்கலம் இருந்தார். 1943 ஜனவரியில் ஒட்டாவாவில் பெண் குழந்தை. இங்கே பிறந்தால் பிரிட்டிஷ் குடிமகள் ஆகிவிடுவாளே என்று, பிரசவ அறை கனடாவின் எல்லைக்குள் சேராது என்று அரசாங்கமே அறிவித்தது. குழந்தைக்கு வைத்த பெயர் மார்கிரீத். டச்சில் அது அந்த வெள்ளைப் பூவின் பெயர். போர்க்காலத்தில் எதிர்ப்பின் அடையாளமாக மக்கள் சட்டையில் குத்திக்கொண்ட பூ. நன்றிக்கு அவர்கள் அனுப்ப ஆரம்பித்த துலிப் கிழங்குகள் இன்னும் வருடா வருடம் வருகின்றன. மே மாதம் வந்தால் ஊரே துலிப்தான்.

நெல்லை_வாசகி:

நம் பக்கம் இரண்டு மார்கரெட்டுகளை யாரும் சொல்லவில்லையே. பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதா தேவி பிறந்தபோது மார்கரெட் எலிசபெத் நோபிள். அடையாறில் 1917இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் இன்னொருவர். 1919இல் மதனப்பள்ளியில் 'ஜன கண மன'வின் மெட்டைச் சுரக்குறிப்பில் எழுதி வைத்தவர். இருவருமே அயர்லாந்துக்காரர்கள். பாரதியைப் போல் ஒருவர் வணங்கிய பெயர் என்றால் வைப்பதற்கு வேறென்ன காரணம் வேண்டும்? (நிவேதிதா என்ற பெயரையே வைத்துவிடலாம் என்று என் கட்சி.)

வத்தக்குழம்பு:

சைடுல ஒரு கேள்வி. எந்த மார்கரெட் பேரால இத்தனை பேருக்கு வச்சாங்க? புனிதர் யாரு?

வெள்ளைநகர்:

பலர். முதலாமவர் அந்தியோக்கியாவின் மார்கரெட். டிராகன் விழுங்கி, கையிலிருந்த சிலுவையால் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார் என்பது கதை. அப்படி வெளியே வந்ததால் பிரசவத்துக்குக் காவல். ஐரோப்பாவில் மருத்துவச்சிகள் இவரைத்தான் கூப்பிட்டார்கள். ஜோன் ஆஃப் ஆர்க் கேட்டதாகச் சொன்ன குரல்களில் இவர் குரலும் ஒன்று. வரலாற்று ஆதாரம் போதவில்லை என்று 1969இல் ரோமைப் பொதுநாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிழக்குத் திருச்சபைகளில் இவரே மரீனா.

ஸ்காட்லாந்து ராணி மார்கரெட் இருக்கிறார். பிறந்தது ஹங்கேரியில், இறந்தது 1093இல். ஹங்கேரி இளவரசி மார்கித் இருக்கிறார். புடாபெஸ்ட்டில் தன்யூப் நடுவே உள்ள மார்கித் தீவு இவர் பெயர்தான். ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களில் நான் பார்த்தவரை மூல காரணம் பிரான்சின் மார்கரீத் மரியா அலக்கோக். திரு இருதய பக்தியைப் பரப்பியவர், 1920இல் புனிதர் ஆனார். முதல் வெள்ளி பூசைக்குப் போகாத மர்கரீத்தம்மாளை எனக்குத் தெரியாது.

மணப்பாடு_கடல்:

மரீனான்னா நம்ம மெரினா பீச்சா?

வெள்ளைநகர்:

இல்லை. கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரைக்கு வைத்தது கடலோரத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல். புனிதைக்கும் பீச்சுக்கும் வேர்ச்சொல் மட்டும் ஒன்று: கடல்.

செந்தமிழ்வேல்:

பொருள் முத்து என்று தெரிந்த பிறகும் ஏன் அயல் ஒலியைக் கட்டி அழ வேண்டும்? முத்தம்மாள், முத்துச்செல்வி, நித்திலா என்று வையுங்கள். ஹங்கேரியில் கூட மார்கித் ஒரு பக்கம் இருக்க, தங்கள் சொல்லான முத்தை வைத்தே 'ஜெஞ்சி' என்று பெயர் இருக்கிறது. செர்பியரிடம் 'பிசெர்கா'. ஆங்கிலத்திலேயே 'பேர்ல்' உண்டே!

ரீத்தா_திண்டுக்கல்:

நித்திலா அழகான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆசைப்படுவது முத்தின் மேல் இல்லையே, ஆச்சியின் மேல். நித்திலா என்று கூப்பிட்டால் ஆச்சி திரும்பிப் பார்த்திருப்பாரா?

செந்தமிழ்வேல்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ரீத்தா. நித்திலா மட்டும் என் கணக்கில் இருக்கட்டும், யாருக்காவது பயன்படும்.

இலக்கணப்பித்தன்:

நடைமுறைக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமே இல்லை. அவசரப்பட வேண்டாம். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன், 'படிக்காதவர்கள் சிதைத்தவை' என்றது தவறு. திரும்பப் பெறுகிறேன்.

கூழாங்கல்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரமா பதில் போட முடியல, பாப்பா ராத்திரி பூரா முழிச்சிருக்கா.

முடிவாயிடுச்சு. பதிவேட்ல இருக்கிற மாதிரியே 'மர்கரீத்தா'. 'மாக்கிரேத்து'தான் எனக்கு ஆசை, வீட்டம்மா ஒரே பார்வையில முடிச்சிட்டா. ஆனா எங்கப்பா தொட்டில்ல போட்ட நாள்ல இருந்து 'மாக்கி'ன்னுதான் கூப்பிடுதாரு. யாரும் சொல்லிக் குடுக்கல. தலைக் கட்சி பரம்பரையா வருது போல.

பித்தன் ஐயா சொன்ன மாதிரி ரெண்டு மொழியிலயும் பெரிய எழுத்துல எழுதிக் கொண்டு போனேன். கவுண்டர்ல இருந்த தம்பி நல்ல பையன். திரையை என் பக்கம் திருப்பி வச்சே அடிச்சார். 'மர்க'ன்னு அடிக்க வேண்டியதுல விரல் தவறி 'மார்க'ன்னு விழுந்துச்சு. உடனே கீழ அந்தக் கம்ப்யூட்டரே மூணு சொல்லை எடுத்து நீட்டுச்சு. முதல்ல இருந்தது 'மார்க்கெட்'.

தம்பி கையைப் பிடிச்சிட்டேன்.